மவுஸ் இணைப்பு அறுந்து அறுந்து போனால்: தட்டுவதா, பிரிப்பதா, தூக்கிப் போடுவதா?

குளச்சலில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணக் கார்டு, கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ், திருவிழா நோட்டீஸ், இந்த மூன்றும்தான் கடைக்கு வாடகை கட்டுபவை. போன வருஷம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, மறுநாள் காலை அச்சுக்குப் போக வேண்டிய பங்குத் திருவிழா நோட்டீஸ் திரையில் இருந்தது. பத்து நாள் நிகழ்ச்சி நிரல். ஒவ்வொரு நாளும் திருப்பலி யார், மறையுரை யார், சிறப்பிப்போர் யார் என்று எறும்புக் கூட்டம் மாதிரி எழுத்துகள். பங்குத்தந்தையின் படத்தைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு போகிறேன், கர்சர் அப்படியே நின்றுவிட்டது. இரண்டு நொடி கழித்து உயிர் வந்தபோது படம் கீழே விளம்பரப் பகுதியில் ஒரு சிப்ஸ் கடைக் கட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு புரூஃப் பார்த்துக்கொண்டிருந்த கமிட்டிக்காரர் சிரிக்கவில்லை. “மக்கா, சாமியார நேந்திரம் சிப்ஸுக்கு மாடலாக்கிராத, பாத்துக்க” என்றார்.

அன்று ராத்திரி அந்த மவுஸைத் தட்டினேன், ஊதினேன், பேட்டரியைக் கழற்றி உருட்டிப் போட்டேன். எப்படியோ வேலை முடிந்தது. அதன்பிறகு ஒரு மாதம், கடையில் உள்ளது, வீட்டில் உள்ளது, சொந்தக்காரர்கள் கொண்டுவந்து தந்தது என்று நாலைந்து மவுஸை வைத்து எல்லா வைத்தியமும் பார்த்தேன். எதற்குக் காசு செலவழிக்கலாம், எதற்குக் கூடாது என்று ஒரு தெளிவு வந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

காதைக் கொடுத்துக் கேளுங்கள்

வைத்தியத்துக்கு முன்னால் நோய் எது என்று தெரிய வேண்டும். அதற்கு மீட்டர் எதுவும் வேண்டாம், ஸ்பீக்கர் போதும். பென்டிரைவைப் பிடுங்கினால் விண்டோஸ் ‘டொடுங்’ என்று ஒரு சத்தம் போடுமே, செருகினால் அதையே ஏறுமுகமாகப் போடுமே, அந்தச் சத்தம். மவுஸ் நின்றுபோகும்போது அது கேட்டால் கோளாறு யூஎஸ்பி பக்கம்: வயர், போர்ட் என்ற செருகும் துளை, வயரில்லா மவுஸோடு வரும் டாங்கிள் என்ற குட்டிச் செருகியின் மூக்கு அல்லது கம்ப்யூட்டரின் மின்சாரச் சிக்கனம். சத்தமே இல்லாமல் கர்சர் மட்டும் உறைந்தால், டாங்கிள் கம்ப்யூட்டரோடு ஒழுங்காகத்தான் இருக்கிறது. டாங்கிளுக்கும் மவுஸுக்கும் நடுவில் உள்ள ரேடியோ பேச்சுதான் அறுகிறது. பேட்டரி, தூரம், இடைஞ்சல், இந்த மூன்றில் ஒன்று.

இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் கடைக்குப் போகிறவர்கள்தான் புது மவுஸ் வாங்கிக்கொண்டு வந்து அதே போர்ட்டில் செருகி, அதுவும் அறுகிறது என்று கம்பெனியைத் திட்டுகிறார்கள். நானும் அப்படி ஒன்று வாங்கினேன். பில் இன்னும் மேசை டிராயரில் கிடக்கிறது.

இன்னொன்று. கர்சர் நிற்காமல் தாவினால், நடுங்கினால், அது இணைப்புக் கோளாறே இல்லை. கண்ணாடி போட்ட மேசையில் ஒளி மவுஸ் தடுமாறும், கீழே ஒரு பழைய காலண்டர் அட்டையை வையுங்கள். ஒரு தரம் அமுக்கினால் இரண்டு தரம் அமுங்குவது, இழுத்துக்கொண்டு போகும்போது பிடி நழுவுவது, இதெல்லாம் பொத்தானுக்கு அடியில் உள்ள சுவிட்ச் தேய்ந்த கேஸ். இந்தக் கட்டுரை அதற்கில்லை.

காசில்லாத வைத்தியம்: இடம் மாற்றுவது

தக்கலையில் என் மைனி, அதாவது அண்ணி, டீச்சராக இருக்கிறார். பள்ளி ஆண்டுவிழா வீடியோக்களையெல்லாம் அவர்தான் ஹார்டு டிஸ்கில் சேர்த்து வைப்பார். ஒருநாள் போனில், “தம்பி, மத்த நேரமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வீடியோ காப்பி பண்ணும்போது மட்டும் இந்த மவுஸுக்குக் கிறுக்கு பிடிக்கு” என்றார். கேட்டதும் எனக்கு நம்பிக்கையில்லை. போய்ப் பார்த்தால் அப்படியே நடந்தது. காப்பி ஓடும்வரை கர்சர் நொண்டியது. முடிந்ததும் சரியானது.

இதற்குக் காரணம் ரொம்ப நாளாகவே தெரிந்த ஒன்று. வயரில்லாத மவுஸ்கள் பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். யூஎஸ்பி 3.0 நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவை அனுப்பும்போது, வயரிலிருந்தும் செருகும் இடத்திலிருந்தும் கசியும் மின்னிரைச்சல் அதே 2.4 பக்கமும் பரவுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. யூஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க் ஒன்றைச் செருகியதும் அந்த அலைவரிசையின் பின்னணி இரைச்சல் சுமார் 20 டெசிபல் ஏறியது என்று அதில் இருக்கிறது. டெசிபல் கணக்கில் 20 என்றால் ஆற்றல் நூறு மடங்கு. செண்டை மேளத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு காதோடு ரகசியம் பேசினால் எப்படியோ அப்படி. மைனியின் லேப்டாப்பில் டாங்கிளும் ஹார்டு டிஸ்க் வயரும் ஒட்டி ஒட்டி இரண்டு போர்ட்டில் இருந்தன.

டாங்கிளை எடுத்து மறுபக்கத்துப் போர்ட்டில் செருகினேன். பாதி குணமானது. ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயரில் டாங்கிளை மாட்டி, ஒரு முழம் தள்ளி மேசைமேல் வைத்தபோது முழுக்கக் குணமானது. வயர் நூற்றிருபது ரூபாய். இந்த நோய்க்கு இதைவிட மலிவான மருந்தை நான் பார்க்கவில்லை. வாங்கும்போது யூஎஸ்பி 2.0 வயரே போதும், நீளம் ஒன்று ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம்.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கும் இதே சங்கதிதான், காரணம் கொஞ்சம் வேறு. சி.பி.யூ. மேசைக்கு அடியில், டாங்கிள் அதன் முதுகில், நடுவில் தகரப் பெட்டி, மேலே ஸ்டீல் மேசை, போதாக்குறைக்கு நம்முடைய முழங்கால். பத்து மீட்டர் எட்டும் என்று அட்டையில் போட்டிருப்பது இப்படி இரும்புக் கூண்டுக்குள் வைத்து அளந்ததல்ல. எக்ஸ்டென்ஷன் வயரைப் பின்னாலிருந்து இழுத்து, டாங்கிளை மேசையின் விளிம்பில் இரட்டைப் பக்க டேப் போட்டு ஒட்டினேன். மவுஸுக்கும் டாங்கிளுக்கும் இப்போது ஒரு சாண்தான் இடைவெளி.

எந்தப் போர்ட் என்பதையும் பார்க்க வேண்டும். உள்ளே நீலமாக இருப்பது பெரும்பாலும் 3.0, கறுப்பாக இருப்பது 2.0. நீலம் போடாத லேப்டாப்களும் உண்டு, அவற்றில் போர்ட் பக்கத்தில் ‘எஸ்எஸ்’ என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். மவுஸும் கீபோர்டும் கறுப்பில், ஹார்டு டிஸ்க் நீலத்தில். அதோடு, சி.பி.யூ.வின் முன்பக்கப் போர்ட்டை நான் இப்போது மவுஸுக்குக் கொடுப்பதே இல்லை. பின்பக்கப் போர்ட்டுகள் மதர்போர்டிலேயே ஈயம் வைத்துப் பிடித்தவை. முன்பக்கத்தவை ஒரு மெல்லிய வயரில் உள்ளே தொங்குபவை. கடற்கரையில் கடை வைத்தால் இன்னொரு கேடும் உண்டு. தென்மேற்குப் பருவமழை ஒன்று, ஐப்பசி மழை ஒன்று, நடுவில் வருஷம் முழுக்க உப்புக் காற்று. என் சி.பி.யூ.வின் முன் போர்ட் தகரத்தில் துரு பிடித்துப் பொரிந்திருந்தது. கடலை விட்டுத் தள்ளி முளகுமூடு பக்கம் இருப்பவர்களுக்கு இவ்வளவு தொந்தரவு இருக்காது.

வைஃபை விஷயம்: ரூட்டர் 2.4-இலேயே ஓடினால் மவுஸோடு மல்லுக்கட்டும். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் லேப்டாப்பை அதற்கு மாற்றிவிடுங்கள். இதற்கும் காசில்லை.

செட்டிங்கில் ஒரு டிக்

சும்மா விட்டுவிட்டு வந்தால் மவுஸ் செத்துக் கிடக்கிறது, பிடுங்கிச் செருகினால் பிழைக்கிறது என்றால், பெரும்பாலும் கம்ப்யூட்டரே போர்ட்டைத் தூங்க வைக்கிறது. டிவைஸ் மேனேஜருக்குள் போய், யூஎஸ்பி ரூட் ஹப் என்று இருப்பதைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் ‘மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைக்கலாம்’ என்ற பொருளில் உள்ள டிக்கை எடுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் ‘யூஎஸ்பி செலெக்டிவ் சஸ்பெண்ட்’ என்பதையும் டிஸேபிள் செய்யுங்கள். சில புது லேப்டாப்களில் அந்த பவர் மேனேஜ்மென்ட் பக்கமே காணாது. அப்படியானால் விட்டுவிடுங்கள், அதற்காக ரெஜிஸ்ட்ரிக்குள் தலையைக் கொடுக்க வேண்டாம். இதனால் பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும் என்பதைத் தவிர நஷ்டம் எதுவும் இல்லை.

டிரைவரை அழித்துப் போடு, விண்டோஸை மாற்றிப் போடு என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு மவுஸுக்காக விண்டோஸ் போடுவது, மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்துவது போலத்தான். அதே மவுஸை இன்னொரு கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தால் பத்து நிமிஷத்தில் யார் மேல் தப்பு என்று தெரிந்துவிடும்.

பேட்டரி, அதன் பச்சைப் பாசி

சத்தமில்லாமல் நிற்கும் மவுஸில் அடுத்த சந்தேகம் பேட்டரி. பென் டார்ச் பேட்டரி ஒன்றில்தான் பெரும்பாலான மவுஸ் ஓடுகிறது. அது முழுக்கச் சாவதற்கு முன்னால் கொஞ்ச நாள் இழுத்துக்கொண்டு கிடக்கும். அந்த நாட்களில்தான் மவுஸ் அறுந்து அறுந்து ஓடும். மலிவான கார்பன் பேட்டரிக்குப் பதில் ஆல்கலைன் போடுங்கள். ரீசார்ஜபிள் போடலாம், ஆனால் அது பெரும்பாலும் 1.5 வோல்ட் இல்லை, 1.2 தான். அதனால் சில மவுஸில் புதிதாக சார்ஜ் ஏற்றியபோதும் ‘பேட்டரி குறைவு’ என்று காட்டும். கழற்றிய பேட்டரியைச் சுவர்க் கடிகாரத்தில் போடுங்கள், இன்னும் சில மாதம் ஓடும்.

என் மவுஸின் பேட்டரிக் குழிக்குள் ஒரு நாள் போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். ஸ்பிரிங்கின் கடைசி இரண்டு சுற்றில் பச்சையாகப் பாசி மாதிரி. அதைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பொருக்கு. புது பேட்டரி போட்டாலும் அந்தப் பொருக்கு மேல்தான் உட்காரும். கையை அசைக்கும்போதெல்லாம் தொடர்பு விட்டுப் போகும். திருவிழா ராத்திரியில் பேட்டரியை உருட்டிப் போட்டதும் சரியானதற்கும் இதுதான் காரணம், உரசலில் கொஞ்சம் உலோகம் தெரிந்திருக்கும்.

ஆல்கலைன் பேட்டரி கசிந்தால் வருவது காரம், அதனால் பஞ்சுக் குச்சியில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடைத்தால் நுரைத்துக் கரையும். கார்பன் பேட்டரியின் கசிவு அமிலத் தன்மை உள்ளது, அதற்குச் சமையல் சோடாக் கரைசல். அதன்பிறகு ஈரத்தை ஒற்றியெடுத்து, பென்சில் ரப்பரால் தேய்த்து, காயவிட்டுப் போடுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள். ஸ்பிரிங் அரித்து மெலிந்துபோயிருந்தால் மட்டும் தேய்த்துப் பயனில்லை.

செலவு: பேட்டரிக் காசு. நேரம்: ஒரு சாயா குடிக்கும் நேரம். ஐந்நூறு ரூபாய் மவுஸுக்கு இது தாராளமாகத் தகும்.

சோல்டரிங் கம்பியை எடுப்பதா?

வயர் மவுஸ் அறுகிறது, ‘டொடுங்’ சத்தமும் வருகிறது, வயரை ஒரு பக்கம் மடக்கிப் பிடித்தால் ஓடுகிறது என்றால் உள்ளே கம்பி முறிந்திருக்கிறது. இடத்தை ஊகிப்பது எளிது. வயர் மவுஸுக்குள் நுழையும் வாய், இல்லையென்றால் செருகும் முனையின் கழுத்து. அடியில் சிவப்பு விளக்கே அணைந்தால் மின்சாரக் கம்பிகளில் ஒன்று போயிருக்கலாம். விளக்கு எரிந்துகொண்டே ‘இந்த யூஎஸ்பி கருவியை அடையாளம் தெரியவில்லை’ என்று விண்டோஸ் சொன்னால் தரவுக் கம்பிகளைச் சந்தேகப்படுங்கள்.

அப்படி ஒரு வயர் மவுஸை நாகர்கோவிலில் ஒரு கடையில் கொண்டு காட்டினேன். பையன் நேர்மையானவன். “அண்ணே, வயர் வெட்டி ஈயம் வைக்க நூத்தம்பது ரூவா ஆவும். புதுசு முந்நூத்தம்பதுக்கு இருக்கு. நீங்களே சொல்லுங்க” என்றான். பஸ் காசையும் சேர்த்துப் பார்த்தால் சொல்ல என்ன இருக்கிறது? ஆனாலும் வீம்புக்கு வீட்டுக்குக் கொண்டுவந்து நானே பிரித்தேன்.

அடியில் ஸ்க்ரூவே தெரியாது. வழுக்குவதற்காக ஒட்டியிருக்கும் பட்டைக்குக் கீழேயோ ஸ்டிக்கருக்குக் கீழேயோ ஒளிந்திருக்கும், நகத்தால் தடவினால் குழி தட்டுப்படும். மூடியைத் திறந்தால் சக்கரம் தனியாக எகிறி விழும், எப்படி இருந்தது என்று முதலிலேயே போனில் படம் எடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை. உள்ளே வயர் ஒரு சின்ன வெள்ளை கனெக்டரில் முடிகிறது. முறைப்படி சிவப்பு 5 வோல்ட், கறுப்பு எர்த், வெள்ளையும் பச்சையும் தரவு. மலிவு மவுஸ்களில் இந்த நிறமுறையை யாரும் மதிப்பதில்லை, அதனால் நிறத்தை நம்பாமல் எது எந்த இடத்தில் இருந்ததோ அங்கேயே திருப்பி வைக்க வேண்டும். மல்டிமீட்டரைப் பீப் சத்தத்தில் வைத்து ஒவ்வொரு கம்பியாகத் தொட்டேன். மூன்று பாடின, வெள்ளை மட்டும் ஊமை. வாயிலிருந்து இரண்டங்குலம் தள்ளி வயரை வெட்டினேன். உள்ளே ஒவ்வொரு கம்பியும் தலைமுடி கனத்தில் சில இழைகள். உறையை உரிக்கும்போதே இரண்டு இழை கத்தியோடு வந்துவிட்டன. நாலையும் ஈயம் வைத்து, சுருங்கும் குழாய் போட்டு, மறுபடியும் இழுபடாமல் இருக்க உள்ளே ஒரு முடிச்சும் போட்டு மூடினேன். சாயங்காலம் ஐந்தரைக்கு உட்கார்ந்தவன் எழுந்தபோது மணி எட்டேகால்.

அந்த மவுஸ் இன்றும் ஓடுகிறது, இரண்டங்குலம் குட்டையாக. ஆனால் கணக்குப் போட்டால் தோல்விதான். அந்த இரண்டே முக்கால் மணி நேரத்தில் மூன்று கல்யாணக் கார்டு முடித்திருப்பேன். சோல்டரிங் தெரிந்தவர், கையில் சாமான் உள்ளவர், அந்த மவுஸின் வளைவு கைக்குப் பழகிப்போனவர் செய்யலாம். மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

டாங்கிள் தொலைந்த கேஸ் வேறு. சாதாரண மவுஸில் டாங்கிளும் மவுஸும் கம்பெனியிலேயே ஜோடி சேர்த்தவை, ஒன்று போனால் மற்றதும் குப்பை. லாஜிடெக் மவுஸில் ஆரஞ்சு நிறச் சூரியன் மாதிரி ‘யூனிஃபையிங்’ குறி இருந்தால் வேறு யூனிஃபையிங் டாங்கிள் வாங்கிச் சேர்க்கலாம், ஒரே டாங்கிளில் ஆறு கருவிவரை சேரும். அதே கம்பெனியின் பின்னாளைய ‘போல்ட்’ டாங்கிள் இதற்குச் சேராது. ஒன்றை நினைத்து மற்றதை வாங்கிவிடாதீர்கள்.

புதுசு என்றால் எது?

புளூடூத் மவுஸ் நல்லது என்கிறார்கள். டாங்கிளே வேண்டாம், லேப்டாப்பில் ஒரு போர்ட் மிச்சம். ஆனால் அதுவும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் தெருவில்தான் நடக்கிறது. இடைஞ்சல் உள்ள இடத்தைக் கண்டு ஒதுங்கி அலைவரிசை மாற்றிக்கொள்ளும் சாமர்த்தியம் அதற்கு உண்டு என்பது மட்டும் வித்தியாசம். கொஞ்ச நேரம் தொடாமல் இருந்தால் தூங்கி, தொட்டதும் எழ ஒரு கணம் எடுக்கும். என்னைப் போல அடிக்கடி கஸ்டமரிடம் திரும்பிப் பேசிவிட்டு மவுஸைத் தொடுகிறவனுக்கு அந்த ஒரு கணம் எரிச்சல். டெஸ்க்டாப்பில் புளூடூத் இல்லையென்றால் அதற்கும் ஒரு டாங்கிள் வாங்கித்தான் செருக வேண்டும், அப்புறம் என்ன லாபம்? அக்கா மகன் காலேஜில் படிக்கிறான், இரண்டே போர்ட் உள்ள மெல்லிய லேப்டாப், பையில் போட்டுக்கொண்டு அலைகிறவன். அவனுக்கு அதையே வாங்கச் சொன்னேன்.

மைனிக்குப் புதுசு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பழைய டாங்கிள் மவுஸே, நூற்றிருபது ரூபாய் வயரோடு நன்றாக ஓடுகிறது.

கடைக்கு நான் வாங்கியது வயர் மவுஸ். அலைவரிசைச் சண்டை இல்லை, பேட்டரி இல்லை, தொலைந்துபோக டாங்கிள் இல்லை. மேசையை விட்டு நகராத வேலைக்கு வயரில்லாதது எதற்கு என்று இப்போது தோன்றுகிறது, வாங்கும்போது ஏன் தோன்றவில்லையோ. வாங்கப் போனால் நான் பார்ப்பது மூன்றுதான். வயர் நுழையும் இடத்தில் மடங்கிக் கொடுக்கும் ரப்பர் கழுத்து இருக்க வேண்டும். மேசைக்கு அடியில் உள்ள சி.பி.யூ.வின் முதுகுவரை இழுபடாமல் எட்ட வேண்டும், இழுத்துக் கட்டிய வயர்தான் சீக்கிரம் முறியும். வாரண்டி எத்தனை வருஷம் என்று அட்டையில் படிக்க வேண்டும், சில கம்பெனிகள் மூன்று வருஷம் தருகின்றன. பில்லை அந்த அட்டைக்குள்ளேயே போட்டு வையுங்கள், வெயிலில் வைத்தால் எழுத்து மறைந்துவிடும்.

பழைய வயரில்லா மவுஸ், பாசி துடைத்தபிறகு, வீட்டில் டிவியோடு சேர்த்த லேப்டாப்புக்குப் போனது. அங்கே அறுந்தாலும் யாரும் என்னைத் திட்டுவதில்லை.

இந்த வருஷமும் அதே கமிட்டிக்காரர் திருவிழா நோட்டீஸோடு வந்தார். ஸ்டூலில் உட்காருவதற்கு முன்னால் குனிந்து மவுஸின் வாலைப் பார்த்தார். அது மேசைக்குப் பின்னால் இறங்குகிறதா என்று கண்ணாலேயே தொடர்ந்து போய்ப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் சட்டைப் பையிலிருந்து மேட்டரை எடுத்தார்.